மூக்குக்கு மேல் நாலு விரல் மண்

அன்றைக்குத் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள்.

பிரின்சிபால். மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தார்.

தாவரவியல் மேடம். அந்தத் தொட்டியைக் கட்ட வைத்தவர்.

ஆபீஸ் சூப்பரின்டெண்டன்ட். கையில் ஒரு ஃபைல்.

வாட்ச்மேன். அவரை யாரும் கூப்பிடவில்லை.

கிள்ளைக்காரர். முழங்கை வரைக்கும் செம்மண்.

நான். தோட்டக்காரி.

ஆறு பேர். கண்ணாடியில் ஒரு நண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

"இந்தச் செம்மண்ண யார் போட்டது?" என்று பிரின்சிபால் கேட்டார்.

போட்டது நான். அது எனக்குத் தெரியும். கிள்ளைக்காரருக்கும் தெரியும். மற்ற நாலு பேருக்கும் தெரியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்லூரி பெங்களூரில், பிரேசர் டவுன் பக்கம். நான் விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். தொண்ணூற்றாறில் எனக்கு அங்கே பத்து வருட சர்வீஸ் ஆகியிருந்தது. பர்மனென்ட். ரோஜா, டேலியா, புல்தரை எல்லாம் என் பொறுப்பு. லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு எங்கள் பூந்தொட்டிகள் போகும். இரண்டு தடவை பரிசு வந்தது. மேடையேறி வாங்கியது பிரின்சிபால். அதில் எனக்கு வருத்தமில்லை. பூ என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் மேடம் கண்ணாடிக் கூடத்துக்குள் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்ட வைத்தார். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. கடலோரச் சதுப்புக் காட்டை அதற்குள் வளர்க்கப் போகிறேன் என்றார். பிள்ளைகள் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க முடியாதாம். காடு இங்கே வரட்டும் என்றார்.

காட்டுக்கு முன்னால் சேறு வந்தது. சிதம்பரம் பக்கத்திலிருந்து லாரியில், மூட்டை மூட்டையாக. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

"பெங்களூர்ல சேறு இல்லன்னு கடல்ல இருந்து கொண்டாறாங்களா? ரெண்டு மழ வரட்டும். எங்க தெருவுக்கு வந்து அள்ளிக்கினு போவச் சொல்லு."

சேற்றோடு செடிகள் வந்தன. வெண்கண்டல் ஒன்பது. சுரபுன்னை ஆறு. ஒரு பெரிய கேனில் நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் பெரிது, உடம்பு அளவுக்கு. இன்னொரு கேனில் மீன். விரல் நீளம். கண் இரண்டும் தலைக்கு மேலே. அதை வெளியே விட்டதும் சேற்றில் துடுப்பை ஊன்றி நடந்தது. அப்புறம் தாவியது.

அவற்றோடு லாரியில் இறங்கியவர்தான் கிள்ளைக்காரர். முப்பது வயசு இருக்கும். பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளை அவர் ஊர். அந்தக் காட்டுக்குள் தோணி தள்ளிப் பிழைத்தவர். மேடம் அவரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். "ரெண்டு வருஷம் இத பொழைக்க வை. யூனிவர்சிட்டி கமிட்டி வந்து பாக்கட்டும். உன்ன அட்டெண்டர் வேலைக்குப் போடச் சொல்லி நானே கேக்கறேன்."

தொட்டி பிழைத்தால் அவர் வேலை நிரந்தரம். இது கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வேலை நிரந்தரமானால் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வருவார். அதுவரைக்கும் பம்ப் ஷெட்டில் படுக்கை.

முதல் நாளே என்னை அக்கா என்றார். நான் தம்பி என்றேன்.

அந்தச் செடிக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். கல் உப்பு வாங்கிவர என்னை அனுப்பினார்கள். விவேக் நகர் கடையில் இரண்டு மூட்டை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊறுகாய் கம்பெனி வச்சிட்டியாம்மா? சொல்லவே இல்ல?"

"செடிக்கு ஊத்தணும்."

"செடிக்கா? யார் மேல கோவம்?"

கிள்ளைக்காரர் உப்பைக் கரைத்துவிட்டு விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். சரியாக இருந்தால் தலையாட்டுவார். மேடம் உப்பு அளக்கிற ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். இரண்டு தடவை வடிக்க வேண்டும். அவர் ஊர்ப் பேச்சில் ஏத்தம், வத்தம். கடலில் அது ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளி வருமாம். அவரும் அப்படியே தள்ளித் தள்ளிச் செய்தார். சூப்பரின்டெண்டன்டுக்கு அது பிடிக்கவில்லை. மோட்டார் போடுவதற்கு ஒரு நேரம் வேண்டாமா என்றார். எழுதி ஒட்டிவிட்டார். காலை எட்டுக்கு ஏற்றம். பதினொன்றுக்கு வடிப்பு. இரண்டுக்கு ஏற்றம். ஐந்துக்கு வடிப்பு. ஞாயிறு ஒரு வேளை மட்டும்.

"கடலுக்கே ஆபீஸ் டைம் போட்டுட்டாரு. அடுத்து நண்டுக்குக் கையெழுத்து நோட்டு வைப்பாரு பாருங்கக்கா" என்றார் கிள்ளைக்காரர்.

நண்டுகள் முதலில் கேட்கவில்லை. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தங்கள் ஊர் நேரத்துக்கே வெளியே வந்தன. இன்று பத்து மணி, நாளை பதினொன்று என்று. ஊர்க் கடல் அவற்றுக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சில வாரம் போனது. பிறகு அவையும் ஆபீஸ் நேரத்துக்கு வந்துவிட்டன. பதினொன்றுக்குத் தண்ணீர் வடிந்ததும் வளையிலிருந்து வரும். சேற்றை வாயில் வைத்துத் தின்றுவிட்டு மிச்சத்தைச் சின்ன உருண்டையாக வைக்கும். தண்ணீர் ஏறும் நேரம் வந்தால் உள்ளே போய் ஒரு சேற்று உருண்டையால் வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் காற்று நிற்குமாம். அது போதுமாம் அதற்கு.

மீனை அவர் உளுவை என்பார். அது வாயிலும் செவுளிலும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும். தோல் காய்ந்தால் சேற்றில் ஒரு புரளல். அவ்வளவுதான். டிசம்பர் குளிருக்கு அது அசையாமல் கிடந்தது. கிள்ளைக்காரர் தொட்டி மேல் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு குண்டு பல்பு கட்டினார். தான் போர்த்தியிருந்த கம்பளியைக் கண்ணாடியில் சாத்தினார்.

"உனக்கு?" என்று கேட்டேன்.

"நான் கத்துவேன்க்கா. அதுக்கு வாய் இல்ல."

ஒருநாள் கண்டல் இலையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எனக்கு அது மாவுப்பூச்சி மாதிரி தெரிந்தது. சோப்புத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு போனேன். இலையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் ஓடிவந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"பூச்சி."

"நாக்குல வச்சிப் பாருங்க."

வைத்தேன். உப்பு.

"செடிக்கு வேர்த்திருக்கு. நாள் பூரா உப்புத் தண்ணி குடிக்குதுல்ல? வேண்டாத உப்ப இலை வழியா தள்ளிடுது. நீங்க மண்வெட்டி புடிச்சா வேர்க்கல? உங்கள யாராச்சும் சோப்பு போட்டுத் துடைக்க வந்தாங்களா?"

வாட்ச்மேன் அதைக் கேட்டுவிட்டார். ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சோப்பு வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். உள்ளே கொஞ்சம் தைத்தது. பத்து வருடம் செடி வளர்த்தவளுக்குப் பூச்சியும் உப்பும் தெரியவில்லை.

சுரபுன்னைக்குக் காய் வரும் வயசு ஆகவில்லை. காய்த்தால் எப்படி இருக்கும் என்று அவர்தான் சொன்னார். விதை கீழே விழாதாம். மரத்திலேயே முளைவிடுமாம். முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குமாம்.

"கீழ உப்பு, சேறு, அலை. சின்னதா விழுந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடும். அதான் தாய் புடிச்சி வச்சிருக்கு. நல்லா வளந்தப்புறம்தான் கீழ எறக்கும். விழுந்ததும் சேத்துல குத்தி நின்னுக்கும்."

அது இரண்டாம் வருடம். அப்போது அவர் பெண்சாதி முழுகாமல் இருந்தாள். நான் கேட்டேன், "நீயும் வேல பர்மனென்ட் ஆனப்புறம்தான் புள்ளைய எறக்கப் போறியா?"

"அவகிட்ட சொல்லியிருக்கேன்க்கா. கமிட்டி வர வரைக்கும் புடிச்சி வையின்னு."

இரண்டு பேரும் சிரித்தோம். நான்தான் அவர்களுக்கு வீடு பார்த்தேன். விவேக் நகரில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. மாதா படம் மாட்டின ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை. வீட்டுக்காரியிடம் பேசி வைத்திருந்தேன். பக்கத்தில் சர்ச் என்றால் சத்தமாக இருக்குமே என்று கிள்ளைக்காரர் கேட்டார். வியாழக்கிழமை மட்டும்தான் கூட்டம் என்றேன்.

அதே வருடம்தான் கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக ஏதோ மேலே வந்தது. பென்சில் அளவு. ஆணி அடித்த மாதிரி நேராக நின்றன. வேர்தான். ஆனால் கீழே போகாமல் மேலே வந்தது.

"வேர் இல்லக்கா இது. மூக்கு."

நான் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்.

"நெசமாத்தான். சேத்துக்குள்ள காத்து ஏது? அதான் மூக்க வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. தண்ணி வடிஞ்சதும் மூச்ச இழுத்து வச்சிக்கும். ஏறினா அடக்கிக்கும். நண்டு வளை நோண்டுதே, அதுவும் இதுக்கு நல்லது. உள்ள காத்து போவும்."

திங்கட்கிழமை தோறும் அவற்றை எண்ணுவார். எண்ணிச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். நாலு. பதினொன்று. இருபத்தாறு. மேடம் அதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். கமிட்டிக்குக் காட்டுவதற்கு.

"மூக்க எண்ணிக்கினு உக்காந்திருக்கியே, ஊர்ல சொன்னா நம்புவாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லலக்கா. ஆபீஸ்ல கணக்கு எழுதறேன்னு சொல்லியிருக்கேன்."

இன்னொன்றும் கேட்டேன். வெள்ளம் வந்து மேலே மண் படிந்தால் அது என்ன செய்யும் என்று.

"கொஞ்சம் கொஞ்சமா ஏறினா அதுவும் கூடவே ஏறிடும். ஒரே நாள்ல கொட்டினா மூச்சு முட்டிப் போயிடும்."

இதை நான் கேட்டேன். மறக்கவும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டு. கமிட்டி வரும் நாள் ஆபீஸில் தெரிந்துவிட்டது. அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பெண்சாதிக்குக் கை கால் வீக்கம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. மேடத்திடம் வாயால் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். லீவு கடிதம் எழுதிக் கொடுக்க நேரமில்லை. பத்து நாளில் வருவேன் என்றார். தொட்டியை என்னிடம் விட்டார்.

"தண்ணிய ஏத்துங்க. எறக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்க்கா. உங்க கை சும்மா இருக்காது. அதான் சொல்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். வாட்ச்மேன் பக்கத்தில் நின்று சிரித்தார். "சோப்ப ஒளிச்சி வச்சிட்டுப் போ" என்றார்.

அன்றைக்குச் சுவரில் இருந்த எண் ஐம்பத்தெட்டு.

மூன்று நாள் அவர் சொன்னபடியே செய்தேன். நாலாம் நாள் சூப்பரின்டெண்டன்ட் கண்ணாடிக் கூடத்துக்கு வந்தார். கமிட்டிக்கு எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க. தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏனம்மா இது? வேரெல்லாம் வெளிய நிக்குது. பாத்தா தோட்டம் மாதிரியா இருக்கு?" என்றார்.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. செடியின் வேர் வெளியே தெரிந்தால் தோட்டக்காரிக்கு அசிங்கம். மழையில் மண் கரைந்து வேர் தெரிந்தால் உடனே மண் அணைக்க வேண்டும். கை தானாகவே அதைச் செய்யும். ரோஜாவுக்கு அப்படி. டேலியாவுக்கு அப்படி. இந்தச் செடியை இரண்டு வருடமாக வேர் தெரிய விட்டு வைத்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்ப்பார்கள்.

மூக்கு என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. நாலு விரல் மண்ணுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

செம்மண் சலித்தேன். மக்கின சாணி எரு கலந்தேன். ரோஜாவுக்கு வைத்திருந்த நல்ல எரு. ஒன்பது கண்டலுக்கும் அணைத்தேன். வேர் ஒன்றும் தெரியாமல் மூடினேன். கையால் தட்டிச் சமமாக்கினேன். ஓரத்தில் குச்சியால் ஒரு கோடு இழுத்தேன். இலையில் இருந்த உப்பையும் துணியால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் சூப்பரின்டெண்டன்ட் வாசலிலிருந்தே பார்த்தார். "சென்னாகிதே அம்மா. ஈக தோட்டத தர இதே" என்றார். நல்லா இருக்கு, இப்போதான் தோட்டம் மாதிரி இருக்கு என்று. மண் போட்டது அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வேரை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டோம் என்று நினைத்துப் போய்விட்டார்.

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கிள்ளைக்காரருக்கு நல்ல பேர் வரட்டும் என்று. அதில் கொஞ்சம் உண்மை. மீதி, என் கை சும்மா இருக்காது என்று அவர் சொன்னதற்கு. என் கைக்கும் செடி தெரியும் என்று காட்டுவதற்கு.

முதலில் நண்டுகளுக்குத் தெரிந்தது. வளை அடைபட்டுவிட்டது. புது மண் கெட்டியாக இருந்தது. நோண்டிப் பார்த்துவிட்டுச் சில கண்ணாடி மேல் ஏறின. வழுக்கி விழுந்தன. மறுபடி ஏறின. உளுவைகள் தண்ணீர் வடிந்த பிறகும் சேற்றில் புரளவில்லை. மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. வாசனை வந்தது. முட்டை அழுகின வாசனை. உப்புத் தண்ணீரில் எரு அழுகியது. நான் தண்ணீரைக் கூட விட்டேன், கழுவிவிடும் என்று. அது இன்னும் மோசமானது.

பத்தாம் நாள் அவர் வரவில்லை. கடிதம் வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, பெண், தாய்க்கு இன்னும் சரியில்லை, இன்னும் பத்து நாள் ஆகும் என்று. மேடம் முதல் வாரமே மைசூருக்குப் பேப்பர் திருத்தப் போய்விட்டார், கமிட்டி அன்றுதான் திரும்புவார். கேட்பதற்கு ஆளில்லை.

இலை மஞ்சளானது. கீழ் இலை முதலில். பிறகு மேலே.

அப்போதாவது மண்ணை எடுத்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. எடுக்கவில்லை. சூப்பரின்டெண்டன்ட் நல்லா இருக்கிறது என்று சொன்னதை நானே எப்படிக் கலைப்பது என்று இருந்தேன். நாளைக்குச் சரியாகும் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாகச் செத்த மீனைப் பொறுக்கி ரோஜாவுக்குக் கீழே புதைத்தேன்.

கமிட்டி வருகிற அன்று காலை ஏழரைக்கு வந்தேன். கண்ணாடிக் கூடத்து வாசலில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே கிள்ளைக்காரர். ஊரிலிருந்து நேராக வந்திருக்கிறார். சட்டையைக்கூட மாற்றவில்லை. தொட்டிக்குள் குனிந்து கையால் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பக்கெட் நிறையச் செம்மண்.

என்னைத் திட்டவில்லை.

"எத்தன நாளாச்சுக்கா?"

"பதினேழு."

அவர் கை நிற்கவில்லை. ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு குச்சிகள் வெளியே தெரிந்தன. மண்வெட்டி எடுத்துவரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். மூக்கு ஒடிஞ்சிடும். கையால எடுங்க."

நான் புடவையைச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். இரண்டு வாரு வாரியிருப்பேன். வெளியே சூப்பரின்டெண்டன்டின் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் கையை எடுத்துக்கொண்டேன். குழாயில் கழுவினேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்து பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். முழங்கை வரை செம்மண். பக்கத்தில் ஒரு பக்கெட் செம்மண். முன்னால் செத்த செடி.

"அய்யோ! ஏன்பா, இருபது நாளு சொல்லாம லீவு. வந்த வேகத்துல மண்ணக் கொட்டிக் கெடுக்கிறியா?" என்று கத்தினார். கிள்ளைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பிரின்சிபாலைக் கூப்பிடப் போய்விட்டார்.

கமிட்டிக்காரர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். மூன்று பேர். கண்ணாடிக் கூடத்தின் வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். மேடம் அவர்கள் பின்னால் போனார். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

அவர்கள் போன பிறகுதான் அந்த ஆறு பேர் நின்றோம்.

"இந்தச் செம்மண்ண யார் போட்டது?"

"நான் எடுத்துக்கிட்டு இருந்தேன் சார். போடல" என்றார் கிள்ளைக்காரர்.

"அப்ப யார் போட்டது?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரே தடவை. அதில் கோபம் இல்லை. இப்போது சொல்லுவாய் என்று பார்க்கிற பார்வை.

எனக்கு இரண்டு பெண்கள். வீட்டுக்காரர் இல்லை. மூத்தவள் பத்தாவது. பர்மனென்ட் வேலையில் இருப்பவள் சொன்னால் ஒரு மெமோ கொடுப்பார்கள், திட்டுவார்கள். வேலை போகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. மேடம் முன்னால், வாட்ச்மேன் முன்னால், தோட்டக்காரிக்குச் செடி தெரியவில்லை என்று நானே சொல்ல வேண்டும்.

துடைப்பத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

அவர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"நான் ஊருக்குப் போனது தப்பு சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சூப்பரின்டெண்டன்ட் ஃபைலைத் திறந்து காட்டினார். லீவு கடிதம் இல்லை. பிரின்சிபால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மேடம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் அந்த ஆள்தான் செய்தான் என்று நம்பினார்.

சாயங்காலம் பம்ப் ஷெட்டிலிருந்து அவர் தன் சாமானை எடுத்துக்கொண்டார். ஒரு பாய், ஒரு ட்ரங்குப் பெட்டி, கண்ணாடியில் சாத்தியிருந்த அந்தக் கம்பளி. நான் கேட் பக்கத்தில் நின்றேன். துணிப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கருவாடு.

"உங்களுக்குன்னு எடுத்தாந்தேன். வச்சிக்கங்க."

"கொழந்தைக்குப் பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

 பஸ் நிலையத்துக்கு எந்த பஸ் என்று சொன்னேன். அது அவருக்குத் தெரியும்.

அந்தக் கருவாட்டை நான் சமைக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. பரணில் வைத்தேன். பெண்கள் வாசனை என்று கத்தினார்கள். ஒரு நாள் பூனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் போன மறுநாளே அடுத்த சந்து வீட்டுக்காரியிடம் போய் அறை வேண்டாம் என்று சொன்னேன். "ஏம்மா, கைக்கொழந்தையோட வராங்கன்னு சொன்னியே, தொட்டிலுக்குக் கொக்கிகூட அடிச்சி வச்சிட்டேனே" என்றாள்.

எட்டாம் நாள் மேடத்திடம் சொன்னேன். அவர் லேபில் தனியாக இருந்தார்.

"மண்ணு நான் போட்டது மேடம்."

அவர் பேனாவை மூடினார். 

"அன்னிக்கு உன் வாய் எங்க போச்சு?"

நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணுங்க படிக்குது, வேலை போயிடும்னு பயம். அதானே?"

"அதுவும்தான் மேடம்."

"வேற என்ன?"

அந்த வேற என்ன என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. அதை இப்போதுதான் மேலே எழுதியிருக்கிறேன்.

மேடம் கிள்ளைக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. இரண்டாவதும் போட்டார். அதற்குள் அட்டெண்டர் வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். பிரின்சிபாலிடம் என்னைப் பற்றி அவர் சொல்லவில்லை. "இன்னொரு ஆள் வேலைக்கு ஆபத்து வந்து யாருக்கு என்ன ஆகப் போகுது?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசமாட்டார். செடி ஏதாவது வேண்டுமென்றால் சீட்டு எழுதி அனுப்புவார்.

அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மெமோகூட வரவில்லை. அந்தத் தொட்டியில் பிறகு தாமரை வைத்தோம். நன்றாகப் பூத்தது. இரண்டாயிரத்து நாலில் அதற்கு லால்பாக்கில் பரிசும் கொடுத்தார்கள். அந்தத் தடவை புதுப் பிரின்சிபால் என்னையே மேடைக்கு அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். பெண்கள் இரண்டு பேரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் பெண்ணுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. பேர் என்ன வைத்தார்கள் என்று தெரியாது.

மேடத்திடம் சொன்ன அன்றைக்கே தொட்டியைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வாட்ச்மேன் மண்வெட்டி கொண்டுவந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

கிள்ளைக்காரர் எடுத்துவிட்டுப் போன மூலையில் ஒரு புது வளை இருந்தது. வாசலைச் சேற்று உருண்டை அடைத்திருந்தது. விரலால் தட்டினேன். அந்த நண்டு எட்டிப் பார்த்தது. உப்புத் தண்ணீர் ஊற்றிய கேனில் போட்டு மேடம் அறை வாசலில் வைத்தேன்.

பிறகு என் செம்மண்ணைக் கையால் எடுத்தேன். ஒரு செடி, அடுத்த செடி. குச்சி ஒன்றும் ஒடியாமல் எடுத்தேன். இனிமேல் ஒடிந்தால் என்ன என்று தெரிந்தும் அப்படித்தான் எடுத்தேன். பழையவை கறுத்து மெத்தென்று இருந்தன. நடுநடுவே சில வேறு மாதிரி இருந்தன. மெல்லிசு. நுனி வெள்ளை. அடியில் பழைய சேறு, அதற்கு மேல் என் மண். என் மண்ணுக்குள் அவை நேராக மேலே வந்துகொண்டிருந்தன. வெளியே வர இன்னும் ஒரு விரல் மண் பாக்கி.

சுவரில் அவர் கடைசியாக எழுதியது ஐம்பத்தெட்டு.

அன்றைக்குத் திங்கட்கிழமை. ஒன்பது செடியையும் சுற்றிப் பழையது, புதியது எல்லாம் சேர்த்து எண்ணினேன். தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். சாக்பீஸ் அவர் வைத்த இடத்திலேயே, ஜன்னல் கட்டையில் இருந்தது. எடுத்து அவர் எண்ணுக்குக் கீழே எழுதினேன்.

அறுபத்தொன்று.